கேடயம் பிடிக்கும் விரல்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பாலம். அந்தப் பாலத்தை மறித்துக்கொண்டு ஓர் இரும்பு மூஞ்சிக்காரன். அவனைத் தாண்டி அக்கரைக்குப் போனவர் யாருமில்லை.

பாலம் இருந்தது டிவிக்குள். டிவி இருந்தது அக்கா வீட்டில்.

இரும்பு மூஞ்சியிடம் அன்றைக்கும் அடி வாங்கி விழுந்தான் தம்பி.

"பேசாம பாலத்துலயே பாயைப் போட்டுப் படுத்துடு மாப்ளே. எப்படியும் அங்கதானே விழப் போற" என்றார் அத்தான், ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டபடி.

மூலையில் அக்காவின் தையல் மெஷின் சட்டென்று நின்றது. அவள் ஒரு பார்வை பார்த்தாள். அத்தான் அடுத்த சுளையை உரித்தார்.

தம்பிக்கு அச்சகத்தில் வேலை. உருளையில் வலது கை சிக்கி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரக்கட்டை ஆகிவிட்டன. கட்டுப் பிரித்தாயிற்று. தினமும் மடக்கிப் பழகணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரப்பர் பந்தைக் கொடுத்தால் இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு, வலிக்குதுக்கா என்று ஓரமாக வைத்துவிடுவான்.

மாதக் கடைசியில் முதலாளி கையைப் பார்ப்பார். விரல் மடங்கினால் பழையபடி மெஷின். மடங்காவிட்டால் கேட்டில் காவல்.

இப்படி இருப்பவனுக்குத்தான் கிரேன் ஓட்டும் அத்தான் தன் பழைய கேம் பெட்டியைத் தூசி தட்டிக் கொடுத்திருந்தார். அதுவரை அக்காவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதில் ஈஸி, நார்மல், ஹார்டு என்று மூன்று இருப்பதையும், இவன் ஹார்டில் கிடந்து உதைபடுவதையும் ஒருநாள் திரையில் படித்துவிட்டாள். யார் வைத்தது என்று கேட்டாள்.

தம்பி அத்தானைப் பார்த்தான்.

"நான்தான்" என்றார் அத்தான். "சும்மா கிடைக்கிற ஜெயிப்புல என்ன இருக்கு?"

அன்றிலிருந்து அவரிடம் அவளுக்குப் பேச்சு குறைந்தது. தட்டு மட்டும் சத்தமாக வந்து உட்காரும். கைவலிக்காரனைக் கேலி பண்ண இவருக்கு எப்படித்தான் மனசு வருதோ என்று தையல் மெஷினிடம் சொல்லிக்கொள்வாள், அவர் காதில் விழுகிற மாதிரி.

ஒருநாள் அத்தான் வேலைக்குப் போயிருந்தார். தம்பி குளிக்கப் போன நேரம் பார்த்து, பட்டன்களை அமுக்கி அமுக்கித் தேடி, அக்காவே ஈஸிக்கு மாற்றிவிட்டாள்.

அன்று இரும்பு மூஞ்சி மூன்றே வெட்டில் சாய்ந்தான். தம்பி பாலத்தைத் தாண்டி, கோட்டைக்குள் போய், கொடியும் ஏற்றிவிட்டான். ஜெயிச்சுட்டியேடா என்று அக்கா சொன்னதற்கு, "ம்" என்றான்.

மறுநாள் பெட்டியைத் தொடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வலது கை மறுபடி போர்வைக்குள் போய்விட்டது. என்ன, பாலத்துக்கு லீவா என்று அத்தான் வம்புக்கு இழுத்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அக்காவுக்குத் தாங்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, செய்ததைச் சொல்லிவிட்டாள்.

"தெரியும்க்கா. நீ பாசமா மாத்தி வச்சதை எப்படித் திருப்புறதுன்னுதான் விட்டுட்டேன்" என்றான். "ஈஸில இரும்பு மூஞ்சியோட ஆளுங்கள்ல ஒருத்தன் சண்டைக்கு வந்தா மத்தவனெல்லாம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரங்க மாதிரி."

அவள் சிரித்துவிட்டாள்.

பிறகு கண்ட்ரோலரைத் திருப்பிக் காட்டினான். கேடயம் தூக்குகிற பட்டனும் தாவி விலகுகிற பட்டனும் பின்பக்கம் இருந்தன. சரியாக அந்த இரண்டு விரல்களுக்கும். ஈஸியில் அதற்கெல்லாம் வேலையே இல்லை, கட்டைவிரலால் வாளைச் சுழற்றினால் போதும். ஹார்டில் நாலு பக்கமும் ஒன்றாகப் பாய்வார்கள், விரலை மடக்கினால்தான் பிழைக்கலாம்.

"பந்தை அமுக்கினா வலி மட்டும்தான் தெரியுது. பாலத்துல நிக்கிறப்ப வலியை நினைக்க நேரமே இல்லைக்கா."

அக்கா எழுந்து தன் கையாலேயே ஹார்டுக்கு மாற்றினாள். ஹார்டில் வைத்ததற்கு வீட்டுக்காரரை மன்னித்தும் விட்டாள். அந்த வாயை மட்டும் மன்னிக்கவில்லை.

மாதக் கடைசி வந்தது. முதலாளி கையைப் பிடித்து, மடக்கு, நீட்டு என்று பார்த்துவிட்டு, நாளைக்கே வந்துடு என்றாராம்.

மறுநாள் காலை வாசலில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான் தம்பி. அந்த இரண்டு விரல்களாலும்.

"இந்த வேகத்துல கட்டினா நாளைய பேப்பர் நாளன்னிக்குத்தான் வரும்" என்றார் அத்தான்.

அக்கா திரும்பிவிட்டாள். "இன்னிக்காவது அவனை விடுங்களேன். ஹார்டுல வச்சீங்க, சரி. இந்தக் கேலி எதுக்கு?"

தம்பி நிமிர்ந்தான்.

"அக்கா, அவர் ஈஸில வச்சுத்தான் கொடுத்தார். ஹார்டுக்கு மாத்தினது நான். கேலி பண்ணிக்கிட்டே இருங்கன்னு கேட்டுக்கிட்டதும் நான்தான். யாராவது பாவமாப் பார்த்தா என் கை அப்படியே நின்னுடுது. உனக்குத் தெரிஞ்சா கையைக் கெடுத்துக்குறேன்னு அழுவே. அதான் அவர் தன் தலையில போட்டுக்கிட்டார்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

அக்கா அத்தானிடம் வந்தாள். இத்தனை நாள் ஏச்சு வாங்கினதுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டாள்.

அத்தான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

"உன் தம்பிக்காவது நடுவுல ரெண்டு நாள் ஈஸி கிடைச்சுது" என்று சொல்லிக்கொண்டே அவரும் படியிறங்கினார்.