திறக்காத கை

செந்துறைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் கேட்டில், சூப்பர்வைசர் திருமுருகன் கோயில் தீர்த்தம் கொடுப்பதுபோல் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் சன்ஸ்கிரீனைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். டியூப்பாகக் கொடுத்தால் வீட்டுக்குப் போய்விடுகிறது என்று புது உத்தரவு. அவர் கண்ணெதிரே பூசினால்தான் வேலை. கேட்டைத் தாண்டி எடுத்துப்போனால் திருட்டு. பூசிப் பூசி அவரே கூத்துக்காரர் மாதிரித்தான் இருந்தார்.

வேலைக்கு வந்த கொளஞ்சி, கிரீம் வாங்கிய இடது கையை இறுக மூடிக்கொண்டு வெளியே திரும்பினான்.

"டேய், பூசுடா!"

"பொறவு பூசிக்கிறேன் சார்."

"கையத் தொற. இல்லன்னா வேலை கெடையாது."

"தொறக்க மாட்டேன்."

திருமுருகன் அந்தக் கையைப் பிடித்து முறுக்கினார். கொளஞ்சி வலது கையால் விட்ட குத்தில் அவர் மூக்கு உடைந்தது. வாட்ச்மேன் கம்பால் கொளஞ்சியை விளாசினார். கீழே விழுந்தவனின் விரல்களைத் திருமுருகன் பூட்ஸ் காலால் மிதித்தார். நகம் பெயர்ந்தது. கை திறக்கவில்லை.

"ஒரு கிரீம் பூச இவ்வளவு திமிராடா?"

வெளியே பள்ளி வேன் ஹாரன் அடித்தது. கொளஞ்சி உதறிக்கொண்டு ஓடினான். திருமுருகன் கையை ஓங்கியபடி துரத்தினார்.

வேனுக்காகக் குடைக்குள் நின்றிருந்த சிறுமிக்கு முடி, புருவம், தோல் எல்லாமே பிறவியிலேயே வெள்ளை. கன்னத்தில் வெயில் சுட்ட சிவப்பு. கொளஞ்சி அப்போதுதான் கையைத் திறந்தான். ரத்தம் படாத இடமாகப் பார்த்து வழித்து, மகளின் முகத்தில் பூசினான்.

"பூசிட்டேன் சார். இப்ப வேலைக்கு வுடுவீங்களா?"

திருமுருகன் ஓங்கிய கையை மெல்ல இறக்கி, சட்டைப் பையில் விட்டு, டியூப்பை எடுத்தார்.

"காதுல பூசாம வுட்டுட்டியேடா."