செருப்போடு வைத்த வயலின்

"செருப்போட சேர்த்து அந்த வயலினையும் வெளியிலேயே வைச்சிட்டு வாங்கோ, பிள்ளை."

சங்கீத சபைத் தலைவர் குணரத்தினம் வாசலிலேயே சொல்லிவிட்டார். நிலாவெளி ஹோட்டலில், சாராயம் ஊற்றுகிற இடத்தில் நான் ரொக் இசை வாசித்த வயலின் உள்ளே வந்தால் மண்டபத்துக்குத் தீட்டாம்.

நவராத்திரிக் கச்சேரி தருவார்கள் என்று நம்பித்தான் துறைமுகத்தடி மண்டபத்துக்குப் போனேன். உள்ளே நிர்வாகசபை முழுதும் கதிரை போட்டுக் காத்திருந்தது, என்னை விசாரிக்க.

"சம்மணம் கட்டியிருந்து கீர்த்தனை வாசிச்ச நீங்கள், கொழும்புக்குப் போய் ஜாஸ் எண்டீங்கள். இப்ப சப்பாத்தோட நிண்டு ஆடுறீங்கள்!" என்று தலைவர் தொடங்கினார்.

"அதிலயும் சுருதி, தாளம் எல்லாம் இருக்கு, ஐயா."

"சுருதியைப் பற்றி எங்களுக்கே படிப்பிக்கிறீங்களோ?" என்று செயலாளர் சீறினார். பொருளாளர் தோடி கேட்பவர் போலக் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"இந்த மேடையில இனி உங்களுக்கு இடமில்லை" என்று தலைவர் முடித்தார்.

வெளியே வந்து செருப்பைப் போட்டேன். வயலின் பெட்டியைத் தூக்கும்போது தலைவர் பின்னால் ஓடிவந்தார். குரல் இறங்கியிருந்தது.

"பிள்ளை, அதை வைச்சிட்டுப் போங்கோ. சரஸ்வதிக்கு முன்னால கொலுவில வைக்கவேணும். பிரதம விருந்தினர் வாறார், அவரோட எடுக்கிற படத்தில ஒரு வாத்தியமாவது தெரியவேணும்."

"தீட்டு எண்டீங்கள்?"

"மஞ்சள்தண்ணி தெளிச்சால் போயிடும்."

"சபையில வேற ஒராளிட்டையும் வாத்தியம் இல்லையோ, ஐயா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார்.

"எங்கட சபையில ஆருக்கு, பிள்ளை, வாசிக்கத் தெரியும்?"