மொத்தச் செலவு

தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைப்பது இவ்வளவு நிம்மதியா? மைதிலிக்கு வியப்பாக இருந்தது. மருத்துவமனை ஒன்றுக்கு அவள் குழு எழுதப்போகும் மென்பொருளின் பட்ஜெட், ‘தயாரித்தவர்’ என்று அவள் பெயரோடு, திரையில் இருந்தது. ‘மொத்தச் செலவு’ என்ற கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. முன்பெல்லாம் முதல் நாளே அதில் ஓர் எண்ணைப் போட்டுவிடுவாள். பிறகு வருடம் முழுவதும் எல்லோரும் அந்த எண்ணுக்குள் ஒடுங்கி வேலை பார்ப்பார்கள். இப்போது முறை மாறிவிட்டது. இரண்டு வாரத்துக்குப் பணம், இரண்டு வார வேலை, அதைப் பார்த்த பிறகே அடுத்தது.

மேலாளர் ரகோத்தமன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“புது முறையிலயே பண்ணுங்கம்மா, யார் வேணாம்னா? வருஷத்துக்கு மட்டும் ஒரு நம்பர் போட்டுக் குடுங்க.”

“அது பழைய முறை சார்.”

“மேல இருக்கறவங்க ரெண்டையும் கேக்கறாங்க. பொண்ணு பாக்கப் போறப்பவே பேரனுக்குப் பேர் கேக்கற ஆளுங்க. நம்பர் குடுக்கலன்னா இந்த வேலை வேற டீமுக்குப் போயிடும்.”

இருவரும் சிரித்தார்கள். அவளுக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. போய்விட்டால் வலிக்கும் என்றும் தெரிந்தது. ஆனாலும் மனம் கலங்கவில்லை. மடிக்கணினியை மெதுவாக அவர் பக்கம் திருப்பிவைத்தாள்.

“நீங்க வேணா போடுங்க சார்,” என்றாள். “என் பேர எடுத்துட்டு.”