காலை ஊன்றக் கூடாது

"எப்படி விழுந்தன்னு கேக்கல. எவ்ளோ குடிச்சிட்டு விழுந்த, அதைச் சொல்லு" என்றார் வேதாச்சலம்.

பாயில் காலை நீட்டிக் கிடந்த தணிகாசலம் மனைவியைப் பார்த்தான். தாட்சாயணி சுவரைப் பார்த்தாள்.

புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்கள் பலர். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வேதாச்சலத்துக்கு மட்டும் ஒரு கெட்ட பெயர் உண்டு. அடிபட்ட இடத்தைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்பார். கூலிக்காரரோ கோயில் தர்மகர்த்தாவோ, யார் வந்தாலும் அதே கேள்விகள். கௌரவம் பார்க்கிறவர்கள் கோபித்துக்கொண்டு வேறு வைத்தியரிடம் போய்விடுவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவார்.

"சைக்கிள்ல வந்துக்கினு இருந்தேன். ரயில்வே கேட்டாண்ட ஒரு பள்ளம்..."

"அந்தப் பள்ளம் நேத்திக்கும் அங்கதான இருந்துச்சு? எவ்ளோ குடிச்ச?"

"ரெண்டு கிளாஸ்."

"தினமுமா?"

"தறிய விட்டு வந்தா உடம்பெல்லாம் வலிக்குது, வைத்தியரே."

"காலைல கை நடுங்குதா?"

"இல்ல."

"எழுந்ததுமே கொஞ்சம் ஊத்திக்கினா தேவலன்னு தோணுதா?"

தணிகாசலம் தயங்கினான். "எப்பனா ஒரு நாள். இப்ப கொஞ்ச நாளாத்தான்."

"எலும்பு ஒடஞ்சி வர்றவன்ல பாதிப் பேரு சாராயத்துல விழுந்தவன். கட்டிப் போட்டு அனுப்பினா அடுத்த வருஷம் வேற எலும்போட வர்றான். அதுக்குத்தான் கேக்கறேன். உனக்கு இது ஆரம்பம். இப்பவே புடிச்சா நிக்கும்."

வீங்கியிருந்த கணுக்காலை அவர் அழுத்திப் பார்த்தார். தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டான். பச்சிலை அரைக்க அவர் உள்ளே போக, தாட்சாயணியும் பின்னாலேயே போனாள். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

"எலும்பு விரிஞ்சிருக்கு" என்றார் வேதாச்சலம். "காலைத் தரையில ஊனக் கூடாது. சாராயம் ஒரு சொட்டு உள்ள போனாலும் மருந்து புடிக்காது. அப்புறம் சென்மத்துக்கும் நொண்டிதான்."

மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவில் தோய்த்த துணியால் முழங்கால் வரை இறுக்கிக் கட்டினார்.

நகரிக்குத் திரும்பும் பஸ்ஸில் தாட்சாயணி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "உங்க நைனாவும் ரெண்டு கிளாஸ்லதான் ஆரம்பிச்சாரு."

அப்பா ஈரல் கெட்டுச் செத்தபோது அவனுக்குத் தறியில் கை எட்டாத வயசு.

முதல் வாரம் வீடு வீடாக இல்லை. சோற்றுத் தட்டைத் தள்ளினான், பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டர் பாடினால்கூடத் திட்டினான். தாட்சாயணி வாயே திறக்காமல் ராட்டையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். தறிக்கு நூல் தார் சுற்றுவதெல்லாம் பொம்பளை வேலை என்று சொல்லித் திரிந்த மகாராஜா, கட்டுக் காலை நீட்டிக்கொண்டு தார் சுற்றினான்.

சாயங்காலமானால் தறிக் கூட்டாளிகள் வந்தார்கள். "நடக்கத் தேவல மச்சான், நாங்க தூக்கிக்கினு போறோம்" என்றார்கள்.

"குடிச்சா கால் போயிடும்னு வைத்தியரு சொல்லிக்கீறாரு" என்று அவன் கட்டைக் காட்டுவான். அதற்கு மேல் அவர்களால் என்ன சொல்ல முடியும்? போய்விடுவார்கள்.

கட்டு மாற்றப் போனபோது வேதாச்சலம் பாதத்துக்கு அடியில் பார்த்தார். துணியில் செம்மண் அப்பியிருந்தது. அதைத் தட்டிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்.

"குடிச்சியா?"

"இல்ல."

அவர் மறு கேள்வி கேட்காமல் புதுக் கட்டுப் போட்டார்.

கடைசியில் கட்டுப் பிரிக்கிற நாளும் வந்தது. தணிகாசலம் காலை மடக்கி நீட்டினான், எழுந்து இரண்டு அடி நடந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தான். தாட்சாயணி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விஷயம் தெரிந்தால் அந்தக் கோபத்திலேயே அவன் நேராகச் சாராயக்கடைக்குப் போய்விடலாம். ஆனாலும் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு அவனோடு பஸ் ஏற அவளுக்கு மனசு வரவில்லை.

"இன்னாங்க, உங்க எலும்புக்கு ஒண்ணுமே ஆகல" என்றாள். "வெறும் சுளுக்குதான். நான்தான் உள்ள போயி அய்யா கால்ல விழுந்தேன். எப்படியாச்சும் இவர வீட்டோட கட்டிப் போடுங்கன்னு கேட்டேன். அவரத் திட்டாதீங்க, என்னத் திட்டுங்க."

வேதாச்சலம் பழைய துணியை மெதுவாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றான் தணிகாசலம்.

தாட்சாயணி திகைத்துப் போனாள்.

"ரெண்டாவது வாரம் ஒரு நாளு நீ தண்ணி புடிக்கப் போயிருந்த. தாங்க முடியல. நொண்டியானாலும் ஆவட்டும்னு காலை ஊனி எழுந்துட்டேன். வலிக்கவே இல்ல. சாராயக்கடை வாசல் வரைக்கும் நடந்துட்டேன். அங்க நின்னப்ப நைனா மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. திரும்பி வந்து படுத்துக்கினேன்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "தெரிஞ்சும் ஏன் இத்தினி நாளு கட்டோட கிடந்தீங்க?"

குணமாகிவிட்ட அந்தக் காலைத் தணிகாசலம் மறுபடியும் வேதாச்சலத்தின் முன்னால் நீட்டினான்.

"அடுத்த வாரம் எங்க ஊர்ல அம்மனுக்கு ஜாத்திரை, வைத்தியரே. கூட்டாளிங்க எல்லாம் கூப்புட வருவானுங்க. அது முடியற வரைக்கும் இன்னொரு கட்டுப் போட்டுடுங்க."