சைவப் பூனை

"பூனையும் சைவந்தானே?"

வீட்டுச் சொந்தக்காரர் குமரகுருபரன் இப்படிக் கேட்டதும் டெபோராவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். பாளையங்கோட்டையில் மூன்று மாதமாக வீடு தேடி அலைகிறாள், பாவம். தனியாக இருக்கிற பெண் என்றால் யோசிப்பார்கள். கூட ஒரு பூனை என்றால் யோசிக்கக்கூட மாட்டார்கள்.

"சைவந்தான் அண்ணாச்சி. தயிர்சோறுன்னா அதுக்கு உசிரு."

"முன்னால இருந்தவன் குப்பையில ஒரு முட்டைத்தோடு கிடந்துச்சு. மறுநாளே சாமானத் தெருவுல இறக்கிட்டேன். மாடியில என் வீட்டுக்காரி கோமு இருக்கா. வாசம் ஏறப்படாது, பாத்துக்க."

வாடகைப் பத்திரத்திலேயே 'மீன், முட்டை, மாமிசம் கூடாது' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

பூனையிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. அதன் பெயர் வக்கீல். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. தயிர்சோற்றை முகர்ந்து பார்க்கும். இந்தக் கேஸ் நிற்காது என்பது போல எழுந்து போய்விடும்.

ஒரே மாதத்தில் முடி கொட்டியது, விலா எலும்பு தெரிந்தது. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "மீனோ கறியோ குடுக்கலேன்னா இதுக்குக் கண்ணு போயிரும்மா," என்றார் டாக்டர்.

அன்றைக்குத்தான் டெபோரா குற்றவாளி ஆனாள்.

உவரியிலிருந்து மீன் கொண்டுவரும் ஜெய்சனைத் தெருவுக்குள் வரவிடாமல், ஆபீஸ் போகும் வழியில் பிடித்தாள். டிபன் பாக்ஸை நீட்டினாள்.

"சாள மீனுதானக்கா கேக்கீய? என்னமோ கஞ்சா வாங்குத மாதிரி முழிக்கீயளே," என்றான் அவன்.

"கஞ்சான்னா ஜாமீன் கிடைக்கும்லே. இதுக்கு வீடுல்லா போயிரும். பேசாம போடு."

ஜன்னலை அடைத்து, குக்கரை விசில் வராமல் இறக்கி, கையோடு சாம்பிராணி போட்டாள். முள்ளைப் பொட்டலம் கட்டி ஆபீஸ் குப்பையில் சேர்த்தாள். வக்கீலுக்கு முடி முளைத்தது. அவளுக்குக் கொட்டியது.

"சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க வீட்டுல நித்தம் சாம்பிராணியா?" ஒருநாள் வாசலில் நின்று கேட்டார் குமரகுருபரன்.

"கொசுவுக்கு அண்ணாச்சி."

"ம்."

அடுத்த நாள் ஜன்னலோரம் நின்று மூக்கை உறிஞ்சினார். அதற்கடுத்த நாள் குப்பை வாளியைக் குச்சியால் கிளறினார். டெபோராவுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை. கோமு கோயிலுக்குப் போயிருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், குமரகுருபரன் நிற்கிறார். கையில் வாடகைப் பத்திரம்.

"அடுப்படியில என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"தள்ளு."

உள்ளே வந்து கதவைச் சாத்தினார். வக்கீல் ஒரு வார்த்தை வாதாடாமல் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

நேராக அடுப்படிக்குப் போய்க் குக்கர் மூடியைத் திறந்தார். எட்டு சாளை, மஞ்சள் தண்ணீரில் வரிசையாகக் கிடந்தன. இனி மறைக்க என்ன இருக்கிறது? டெபோரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பூனைக்குக் கண்ணு போயிரும்னு டாக்டர் சொன்னாக. அதான் அண்ணாச்சி. எனக்கு ஒண்ணும் வேண்டாம், நான் தொடுததுகூட இல்ல. வெளிய அனுப்பிட்டீயன்னா இதத் தூக்கிக்கிட்டு நான் எங்கன போவேன்? இந்த ஒரு தடவ மன்னிச்சிருங்க."

பத்திரத்தை மேடையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

'காலி பண்ணு' என்ற வார்த்தைக்காக அவள் காத்து நின்றாள். வெகுநேரம் ஆகியும் அது வராததால் மெல்ல நிமிர்ந்தாள்.

"ஏந்தாயி, இதுல உப்பே போடலையே?" என்றார் குமரகுருபரன், நாக்கில் சிக்கிய முள்ளை விரலால் எடுத்துக்கொண்டே.