கார்ஷெட் தரை

அரை மணி நேரம் ஊறட்டும் என்றுதான் கடைக்காரர் சொன்னார். இவருக்கு ஏது பொறுமை? பிளீச்சிங் பவுடர் தூவிய பத்தாவது நிமிடமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கார்ஷெட்டில் குந்திவிட்டார்.

பதினோரு மணிக்கு மனைவி வருகிறாள்.

தரையெல்லாம் பூஞ்சை. மூலையில் வெள்ளையாக, நடுவில் கறுப்பாக, கால் வைத்தால் வழவழவென்று. முந்தாநாள் ஃபினாயில் ஊற்றிப் பார்த்தார். வாசனை வந்ததே தவிர பூஞ்சை போகவில்லை. இன்று தேய்ந்த தென்னந்துடைப்பத்தால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.

வாஷிங்மெஷின் தண்ணீர் ஷெட்டுக்குள்தான் வந்து விழும். குழாயைக் கொஞ்சம் நீட்டி வெளியே விடுங்கள் என்று இரண்டு வருடமாகச் சொன்னாள். நாளைக்கு, நாளைக்கு என்றார்.

நேற்றுதான் நீட்டினார். பத்து நிமிட வேலை.

மூன்று மாதத்துக்கு முன் இங்கேதான் அவள் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஓடிவந்த மனுஷன் தூக்குவதற்கு முன் ஒன்று கேட்டாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“பாத்து நடக்க மாட்ட?”

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். தினமும் போன் பண்ணுவாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா. எப்போது வருகிறாய் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவாள்.

இன்று வந்து பார்க்கிறாளாம். இருப்பதா, திரும்பிப் போவதா என்று பார்த்துவிட்டுச் சொல்வாளாம்.

இரண்டு முறை அலசினார். சாக்கால் துடைத்தார். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து ஓடவிட்டார். வெறுங்காலால் ஒவ்வொரு மூலையாக மிதித்துப் பார்த்தார். எங்கும் வழுக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

கார் வாசலில் வந்து நின்றது. மகள் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினாள். பையை இறக்கவில்லை. அதை இவர் கவனித்தார்.

பிழைத்து வருகிறவளை ஆரத்தி எடுக்காமல் உள்ளே விடுவார்களா? வீட்டில் வேறு யாரும் இல்லை. இவரே மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து வைத்திருந்தார். தட்டு நிறையத் தண்ணீர். யாராவது அவ்வளவு ஊற்றுவார்களா?

வாக்கரைப் பிடித்தபடி ஷெட்டின் விளிம்பில் அவள் நின்றாள். தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை.

இவர் தட்டோடு வந்து சுற்றினார். மூன்று சுற்றில் பாதித் தண்ணீர் ஷெட்டுக்குள் இவர் காலடியிலேயே சிவப்பாகச் சிந்திவிட்டது. மீதியைத் தெருவில் ஊற்ற அவசரமாகத் திரும்பினார்.

வழுக்கியது.

தட்டு ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம்.

எழுந்திருக்கத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அந்த மூன்று வார்த்தையை அவள் இப்போது சொல்லட்டும். சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. சொல்லித் தீர்த்துவிட்டால் நல்லது.

வாக்கர் நகரும் சத்தம் கேட்டது. ஓர் அடி. இன்னோர் அடி. ஷெட்டுக்குள்.

“எங்கங்க அடிபட்டுச்சு?”

இவருக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தேழு வயதில், ஆரத்தித் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, மகள் பார்க்க அழுதார்.

அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

“பையை எடுத்துட்டு வாம்மா. அப்படியே அந்தச் சாக்கையும் இப்படிப் போடு.”