வளைவுக்கு நாற்பது விளக்குகள்

"அட்டையைப் பிடிச்சு இழுக்காதே வெண்டல்! விரிப்பை மடக்கி உரி. நாலு வருஷமா இதையேதான் சொல்லிட்டிருக்கேன்."

வெண்டல் சட்டென்று கையை எடுத்தான். ஒட்டும் விரிப்பில் பாதி உரிந்து நின்ற கறுப்பு அட்டை சுருட்டிக்கொண்டது. இயந்திரம் அழகாக வெட்டியிருந்த வௌவாலுக்கு ஒரு சிறகு கிழிந்துவிட்டது.

"தானியக் கிடங்குல கன்வேயரோட மல்லுக்கட்டற கை இது. பேப்பருன்னா பயப்படுது."

"பயப்படட்டும். வெட்டினதைக் கெடுக்காம இருந்தா போதும்."

கொரின் புது அட்டையை விரிப்பின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள். பிரிண்டர் அளவே இருந்த அந்த அட்டை வெட்டும் இயந்திரத்தின் வாயில் கொடுத்துவிட்டு, லேப்டாப்பில் ஒரு பட்டனைத் தட்டினாள். இயந்திரம் விரிப்பை முன்னும் பின்னும் இழுத்தபடி வெட்ட ஆரம்பித்தது.

பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீனுக்கு இன்னும் இரண்டே நாள். சனிக்கிழமை மதியம். ஜன்னலுக்கு வெளியே, அறுவடை முடிந்த சோள வயல் மொட்டையாகக் கிடந்தது. சாப்பாட்டு மேசை முழுக்க அட்டை விளக்குகள். பக்கத்துக்கு ஒரு வௌவாலோ பூனையோ பூசணி முகமோ வெட்டி, உள்பக்கம் ஆரஞ்சுத் தாள் ஒட்டியவை. உள்ளே குட்டி பேட்டரி பல்பை வைத்துவிட்டால் அரை மைலிலிருந்தே கண்ணில் படும். நாற்பது வேண்டும். முப்பத்தொன்று முடிந்திருந்தது.

"கிராண்ட் வீட்டுல இல்லையா?" என்றான் வெண்டல்.

"ஏரிக்குப் போயிருக்காரு. மத்த நாள்ல தூண்டிலைத் தொடவே மாட்டாரு. நீ வர்ற அன்னிக்கு மட்டும் என் புருஷனுக்கு மீன் ஞாபகம் வந்துடும்."

வெண்டல் தலையைக் குனிந்துகொண்டு பசை தடவினான்.

கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு லோர்னா, பூசணி ரொட்டியோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். வெண்டலைக் கண்டதும் அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஓ... ஆள் இருக்காங்களா. அப்புறமா வர்றேன், கொரின்." ரொட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"ஊரெல்லாம் பேசறாங்க," என்றான் வெண்டல். "அடுத்த வருஷம் நான் வராம இருந்துடறேனே."

"பேசிட்டுப் போகட்டும். நாற்பதும் முடியாம நீ எழுந்திருக்கக் கூடாது."

அடுத்து வந்த அட்டையில் பூனை. கொரின் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதே மெஷின்லதான் அவளுக்குப் பூனைக் காது வெட்டினேன். ஏழு வயசுப் பிள்ளை. தலையிலேர்ந்து கால் வரைக்கும் கறுப்புப் பூனை வேஷம் போட்டு, இருட்டற நேரத்துல, இன்னும் நாலு பசங்களோட மிட்டாய் வாங்கிட்டு வான்னு ரோட்டுக்கு அனுப்பினேன். எந்த அம்மாவாவது செய்வாளா?"

"அப்படியெல்லாம் பேசாதீங்க, கொரின்."

"பின்னே எப்படிப் பேசறது?"

வெட்டினார்கள், மடித்தார்கள், ஒட்டினார்கள். நாற்பதாவது விளக்கு முடிந்தபோது மணி நாலு.

"ரோட்டு வளைவுல ரெண்டு பக்கமும் இருபது இருபது," என்றாள் கொரின். "இதைப் பார்த்துட்டு எவனும் வேகமா வர மாட்டான்."

"வர மாட்டான்."

அவள் இயந்திரத்தை அணைத்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி. இப்போ சொல்லு."

வெண்டல் பசை டப்பாவை மூடி வைத்தான். விளக்கு ஒட்டுவதற்கு ஊரில் ஆளா இல்லை? இதற்காகத்தான் அவள் வருஷா வருஷம் அவனைக் கூப்பிடுகிறாள்.

"போன வருஷமே சொன்னேனே..."

"மறுபடியும் சொல்லு. நான் இந்த வாசல்ல நின்னு ஊர்ப் பசங்களுக்கு மிட்டாய் குடுத்துட்டிருந்தேன். கூட வந்த பசங்க பயந்து ஓடிட்டாங்க. பக்கத்துல இருந்தது நீ ஒருத்தன்தான். உன் வண்டி என் ஐவியை இடிச்சதும் நீ இறங்கி ஓடினியே, அதுலேர்ந்து சொல்லு."

வெண்டல் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஓடினேன். ரோட்டோரமா கிடந்தா. கண்ணு திறந்திருந்துச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டேன். 'காது கிழிஞ்சுடுச்சா? அம்மா திட்டுவாங்களா?'ன்னு கேட்டா. திட்ட மாட்டாங்கடா கண்ணுன்னு சொன்னேன். லேசா சிரிச்சா. அப்புறம் தூக்கம் வந்த மாதிரி கண்ணை மூடிக்கிட்டா."

கொரினின் உதடுகளும் சத்தமில்லாமல் அவனோடு சேர்ந்து அசைந்தன. அவளுக்கு அந்த வார்த்தைகள் மனப்பாடம்.

"கோர்ட்டு உன்மேல தப்பில்லைன்னு சொல்லிடுச்சு. நான் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். ஞாபகம் வெச்சுக்கோ."

"தெரியும்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருஷமா கேக்கத் தைரியம் வரலை." அவள் குரல் இறங்கியது. "அவளுக்கு வலிச்சுதா, வெண்டல்?"

அவன் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"இல்லை, கொரின். வலிக்கவே இல்லை."

கொரின் மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். வெண்டல் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

நாலு வருஷமாக அவன் அந்த வீட்டில் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அன்று வண்டியை விட்டு இறங்கி ஓடிப்போய் அவன் குனிந்தபோதே, ஐவியின் உயிர் போயிருந்தது.